தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மதராஸ்: படத்தை நம்புவதா, பின்னால் எழுதிய குறிப்பை நம்புவதா?

கேள்வி: ஐயா, வணக்கம். புரசைவாக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டை விற்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நான்கு படங்களும், புளித்த வாடை வீசும் நெகடிவ்கள் நிறைந்த ஒரு தகர டப்பாவும் கிடைத்தன. முதல் படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட, பழுப்பேறிய ஒரு வட்டக் கட்டடம். அதன் பின்னால் 'அமெரிக்கப் பனி வந்த வீடு' என்று தாத்தா பென்சிலில் எழுதியிருக்கிறார். இரண்டாவது, மவுண்ட் ரோட்டில் நிற்கும் ஒரு சிலையைக் காட்டும் தபால் அட்டை. ஸ்டாம்பை யாரோ கிழித்துவிட்டார்கள். 'நீல் துரை' என்று பென்சில் குறிப்பு இருக்கிறது. மூன்றாவது, குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலை. 'அங்கவடி (குதிரையில் அமர்பவர் காலை ஊன்றும் வளையம்) வைக்க மறந்த சிற்பி உயிரை விட்டான்' என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. நான்காவது ஒரு சிறிய சதுரப் படம். கடற்கரையில் சாய்ந்து கிடக்கும் கப்பல், வேடிக்கை பார்க்கும் கூட்டம், ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர். பின்னால் நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவில் 'எம்டன்' என்று இருக்கிறது. 1908-இல் பிறந்த தாத்தா, ஜெர்மன் கப்பலான எம்டன் குண்டு போட்டபோது குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனதாகச் சொல்வார். பனிக்கட்டிக் கதையை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மற்றவற்றை எல்லோரும் நம்புகிறோம். எது உண்மை? படங்களை லாமினேஷன் செய்யலாமா? என் மகன் இவற்றுக்கு வண்ணம் சேர்த்து உறவினர்களுக்கு அனுப்ப விரும்புகிறான். செய்யலாமா?

— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய நகல்களை, முன்பக்கமும் பின்பக்கமும், பொறுமையாகப் பார்த்தேன். பின்பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பியது பெரிய உதவி. பழைய படங்களோடு வருகிறவர்களில் பலருக்கு அது தோன்றுவதில்லை.

ஆவணக் காப்பாளர்கள் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது முதலில் செய்வது, படத்தையும் அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையையும் தனித்தனியே எடுத்துவைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் சான்றுகளைக் கொண்டு விசாரிப்பதுதான். குடும்பங்களில் படமும் கதையும் பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் பிறந்து, பிறகு எப்போதோ ஒரே உறைக்குள் வந்து சேர்ந்தவையாக இருக்கும். படம் பொய் என்பதால் கதை பொய்யாகிவிடாது. கதை உண்மை என்பதால் படம் அதைத்தான் காட்டுகிறது என்றும் ஆகாது. உங்கள் பெட்டியில் இரண்டுக்குமே உதாரணம் இருக்கிறது.

வீட்டில் ஒருவரும் நம்பாத பனிக்கட்டிக் கதையிலிருந்து தொடங்குகிறேன். அது முழு உண்மை. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், மாசச்சூசெட்ஸ் பகுதியின் ஏரி குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833-இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தாவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய நான்கு மாதம் கடலில் கிடந்தும், சரக்கில் பெரும்பகுதி கரையாமல் வந்து சேர்ந்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் இதற்கென்று கிடங்குகள் எழுந்தன. மதராஸ் கிடங்கு 1842-இல் கட்டப்பட்டது. மற்ற இரண்டும் இடிபட்டுவிட, இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் அழைக்கும் கட்டடமே அது.

1870களில் இயந்திரத்தின் உதவியால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும், அமெரிக்கப் பனி வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்து வீடாக மாற்றி, நீதிபதி ஒருவரின் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது இங்கேதான். பின்னர் அரசின் கைக்கு வந்து, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லத்துக்கும் இது இடம் தந்தது. பனிக்கட்டி வைப்பதற்காக எழுப்பிய சுவர்களுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. நகரத்து மக்களுக்கோ அந்தப் பகுதி இன்றும் ஐஸ் அவுஸ்தான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். அதில் கட்டடத்தின் வளைந்த சுவரில் தாழ்வாரம் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் பிலிகிரி ஐயங்கார் கைவைப்பதற்கு முன் எடுத்த படமாக இருக்க வேண்டும். இரண்டாவது சான்று கடல். படத்தில் அலை கட்டடத்துக்கு வெகு அருகில் இருப்பது தங்கள் மகனுக்கு விநோதமாகப் பட்டதாக எழுதியிருந்தீர்கள். அது படம் எடுத்தவரின் தந்திரம் அன்று. நம் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தபோது, அவை அந்த மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா ஆண்டுதோறும் அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நாம் பெருமை பேசும் அகன்ற மணல்வெளி பெருமளவு அந்தச் சுவரின் பக்கவிளைவு என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே ஐஸ் அவுஸின் வாசலருகே கடல் தெரியும் படம் பழையது.

மூன்றாவது சான்று தாளே. நகலில் தெரியும் மஞ்சள் கலந்த பழுப்பும், தாள் மெல்லியதாக இருப்பதால் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பதும், முட்டையின் வெண்கரு பூசிய அல்புமின் தாள் என்று எண்ண வைக்கின்றன. 1850களிலிருந்து 1890கள் வரை அதுவே பரவலான முறை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். அட்டையின் கீழ்விளிம்பில் ஸ்டூடியோவின் முத்திரை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இருந்தால், அந்தக் காலத்து 'அசைலம் பிரஸ்' ஆண்டுக்குறிப்பேடுகளில் அந்த ஸ்டூடியோ எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இயங்கியது என்று தேடலாம். மதராஸில் தொழில் செய்தவர்களின் பெயரும் முகவரியும் அவற்றில் ஆண்டுவாரியாக அச்சாகியிருக்கும். உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே எடுத்த படம் இது. யாரிடமிருந்தோ வாங்கி, கேட்டறிந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். சரியாகவே குறித்திருக்கிறார்.

தபால் அட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குறிப்பு சரியானது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரமான பழிவாங்கல்களுக்குத் தலைமை தாங்கி, அதே ஆண்டு லக்னோவில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் நீல், மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-இல் சுத்தியலோடு வந்து அதைத் தாக்கிய தொண்டர்கள் கைதாயினர். தொடர்ந்து நடந்த சத்தியாக்கிரகத்தில் இளைஞர் காமராஜரும் ஈடுபட்டார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில்தான் சிலை அகற்றப்பட்டது. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனவே படம் 1937-க்கு முந்தையது. முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்ட பின்பக்கம் இருப்பதால் அட்டை 1902-க்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. அதற்கு முன் செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே கிறுக்க வேண்டும். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. ஆனால் இது அட்டை அச்சான காலம். அட்டை வியாபாரிகள் பழைய நெகடிவையே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள் என்பதால், படம் எடுத்த ஆண்டு இன்னும் முன்னதாகவும் இருக்கலாம்.

மன்றோ சிலைக் கதை, உங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. சென்னையில் வளர்ந்த எல்லோரும் அதைக் கேட்டிருப்போம். சிற்பியின் பெயர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி. 1820 முதல் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1827-இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். பொதுமக்கள் சந்தாவில் செய்வித்த வெண்கலச் சிலை லண்டனிலிருந்து கப்பலில் வந்து 1839-இல் நிறுவப்பட்டது. குதிரையில் அங்கவடி இல்லை என்பது மெய். ஆனால் சேணமும்தான் இல்லை. வெறும் துணி விரிப்பின்மேல் அமர்ந்திருக்கிறார். அங்கவடியை மறந்தவர் சேணத்தையும் சேர்த்தா மறப்பார்? அதே சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. அதிலும் அங்கவடி கிடையாது. லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் எதிரே நிற்கும் வெலிங்டன் சிலையும் அவர் வடிவமைத்ததே. அதிலும் கிடையாது. ஒரு கலைஞர் ஒரே பொருளை மூன்று முறை மறக்க மாட்டார். ரோமில் உள்ள மார்க்கஸ் அரேலியஸ் சிலைபோன்ற பழைய முன்மாதிரிகளைப் பின்பற்றி, வேண்டுமென்றே அப்படிச் செய்தார். பண்டை ரோமானியர்களுக்கு அங்கவடி தெரியாது. சான்ட்ரி பெரும் செல்வத்தோடும் புகழோடும் வாழ்ந்து 1841-இல் இறந்தார். தற்கொலை என்பது கட்டுக்கதை. அங்கவடி இல்லாத பிற ஊர்ச் சிலைகளைப் பற்றியும் இதே கதை உலவுகிறது என்பதே அதற்குப் போதிய விளக்கம்.

கடைசியாக எம்டன். உங்கள் வீட்டார் மிக உறுதியாக நம்பும் இந்தப் படம்தான் நான்கிலும் தவறான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில், 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸுக்கு எதிரே நின்று, ஏறத்தாழ அரை மணி நேரம் குண்டு பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. ஒரு குண்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. பிறகு கப்பல் இருளில் விலகிப் போய்விட்டது. அது சென்னையில் கரை தட்டவே இல்லை. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி அதைச் சுட்டு நொறுக்க, அங்குள்ள பவளப்பாறைமீது ஏறி அழிந்தது. ஆகவே மெரினாவில் சாய்ந்து கிடக்கும் எந்தக் கப்பலும் எம்டன் ஆக முடியாது. (விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்ற கதையையும் இத்தோடு கேட்டிருப்பீர்கள். 1914-இல் சூரிக் நகரில் இந்திய ஆதரவுக் குழுவைத் தொடங்கி, அக்டோபரில் பெர்லினுக்குப் போனவர் அவர். ஜூலை இறுதியில் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் அவர் எப்படி ஏறியிருப்பார் என்று, அந்தக் கதையைச் சொல்பவர்கள்தாம் விளக்க வேண்டும்.)

சரி, படம் என்ன? அது 6 சென்டிமீட்டர் சதுரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் சதுரப் படம் எடுக்கும் கேமராக்கள் 1929-இல் ரோலிஃபிளெக்ஸ் வந்த பிறகே பரவின. நம் நாட்டு வீடுகளில் அது பெரும்பாலும் அக்ஃபா கிளிக் கேமராவின் கைவரிசை. 1960களிலும் 70களிலும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது அதுதான். ஓரத்தில் தெரியும் ஸ்கூட்டர் 1914-ஐ அடியோடு விலக்கிவிடுகிறது. 1966 நவம்பர் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய புயலில் 'ஸ்டமாடிஸ்' என்ற சரக்குக் கப்பல் மெரினாவில் ஒதுங்கி, பல காலம் அங்கேயே கிடந்தது. ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. உங்கள் படம் அதுவாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அந்த வாரத்து நாளிதழ்களை கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அச்சான படத்தோடு கப்பலின் புகைபோக்கியையும் கொடிமரங்களையும் ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்றக் குறிப்புகள் பென்சிலில் இருக்க, 'எம்டன்' மட்டும் பால்பாயிண்டில் இருக்கிறது. 'ட' என்ற எழுத்தின் வளைவும் வேறு. அதைத் தாத்தா எழுதவில்லை என்றே கருதுகிறேன். 1914-இல் ஆறு வயதுச் சிறுவனாகவும் 1966-இல் 58 வயதுப் பெரியவராகவும் இருந்தவர் இரண்டு கப்பல்களையும் குழப்பியிருக்க மாட்டார். அவர் சொன்ன எம்டன் கதையைக் கேட்டு வளர்ந்த யாரோ, அவருடைய பெட்டியில் கப்பல் படத்தைப் பார்த்ததும் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கதையைக் கைவிட்டுவிடாதீர்கள். குண்டுவீச்சுக்குப் பின் அந்த வாரத்தில் ஏராளமான குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்கு ரயிலேறியது நன்கு பதிவான செய்தி. உங்கள் தாத்தா ஊரை விட்டுப் போனதாகச் சொன்னதை ஐயப்படக் காரணமே இல்லை. அந்தக் கதைக்கு உங்களிடம் படம் இல்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்புக்கு வருகிறேன். லாமினேஷன் கூடவே கூடாது. சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒன்றிப்போனால், பிறகு எந்த வல்லுநராலும் பிரிக்க இயலாது. பசைத்தாள் ஆல்பமும் அதே அளவு கெடுதல். ஒவ்வொரு படத்தையும் பாலியெஸ்டர் உறையிலோ அமிலமற்ற தாளிலோ தனித்தனியாக இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத ஒரு பீரோவில் படுக்கை வசமாக வையுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். பரணுக்குத் திரும்ப ஏற்றவே வேண்டாம். மொட்டைமாடிச் சூடும் ஐப்பசி ஈரமும் மாறி மாறித் தாக்குகிற இடம் அது. அந்துருண்டையும் வேண்டாம். படத்தின் முகப்பைத் துணியால் துடைக்காதீர்கள். தூசி இருந்தால் மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல், சதுரப் படத்துக்கு 1200 வைத்து, டிஃப் (TIFF) கோப்பு வடிவில், இரு பக்கமும் எடுத்துவையுங்கள். மகன் வண்ணம் சேர்ப்பதை நான் தடுக்கவில்லை. நகலில் மட்டும் செய்யட்டும். படத்தின் மேலேயே 'பின்னர் வண்ணம் சேர்க்கப்பட்டது' என்று எழுதட்டும். கீழே தனியாக எழுதினால், இரண்டாவது கைக்குப் போகும்போது அது வெட்டப்பட்டுவிடும். 1876–78 பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாணத்தில் எடுத்த எலும்புக்கூடுகள் போன்ற மனிதர்களின் படங்கள், இன்று 1943 வங்கப் பஞ்சம் என்ற பெயரில் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. உங்கள் கப்பலும் 'எம்டன்' என்ற தலைப்போடு ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது.

'எம்டன்' என்ற பின்குறிப்பை அழிக்காதீர்கள். தவறான குறிப்பும் குடும்பத்தின் வரலாற்றில் ஒரு சான்றே. திருத்தத்தைத் தனித் துண்டுத்தாளில், பென்சிலில், தேதியோடு எழுதி உறைக்குள் வையுங்கள்.

தகர டப்பாதான் அவசரமானது. புளித்த காடி வாடை வருகிறது என்றால் அவை அசிடேட் நெகடிவ்கள். சிதையத் தொடங்கிவிட்டன. ஒன்றிலிருந்து எழும் ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். டப்பாவிலிருந்து எடுத்து, காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொன்றையும் தாள் உறையில் பிரித்து வைத்து, படங்களுக்கு முன்பாக இவற்றை ஸ்கேன் செய்யுங்கள். அவற்றில் ஏதேனும் மஞ்சளேறி, பிசுபிசுத்து, கார நெடியோடு இருந்தால் அது நைட்ரேட் வகையாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை வீட்டில் வைத்திருக்காமல் உடனே காப்பகத்தாரிடம் காட்டுங்கள். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மின்நகல் ஒன்றை அங்கே கொடுத்துவைப்பதும் நல்லது. அந்த நெகடிவ்களில் கப்பல் படத்தின் மூலம் இருந்தால், சுருளில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களே ஆண்டைச் சொல்லிவிடக்கூடும்.

வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் இருந்தால், நான் எழுதியதைச் சொல்வதற்கு முன், படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, 'இது என்ன?' என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கப்பல் படத்தைக் கடைசியில் காட்டுங்கள்.